பாடத்தை இறக்கிக்கொள்ள விடுங்கள்: தொலைநிலைக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் பாடப்பதிவுக் குழுவினருக்கும்,

இந்தப் பருவத் தொடக்கத்தில் வந்த உங்கள் சுற்றறிக்கை ஒரே பக்கம்தான். பதிவு செய்த பாடங்கள் இனிமேல் செயலிக்குள் ஸ்ட்ரீமிங்காக மட்டும் கிடைக்கும், இணையதளத்தில் இருந்த பதிவிறக்க இணைப்புகள் எடுக்கப்படும் என்றது. மறுநாள் காலையிலேயே இணைப்புகள் போய்விட்டன. பழைய பருவங்களின் பாடங்களும் சேர்ந்தே போயின. படிப்பு மையங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எழுதுகிற நாங்கள் அந்த மையங்களில் பாடம் பதிவு செய்கிறவர்கள், வீடியோவைச் சுருக்கி ஏற்றுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு எடுக்கிறவர்கள். பாடம் ஓடவில்லை என்றால் மாணவர் முதலில் வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால்தான். நீங்கள் சொன்ன மூன்று காரணங்களையும் படித்தோம்: பாடங்கள் டெலிகிராமில் பரவுகின்றன, சர்வர் சுமை தாங்கவில்லை, யார் பார்த்தார் என்ற கணக்கு கிடைக்கவில்லை. மூன்றில் ஒன்றுகூடப் பதிவிறக்கத்தை நிறுத்தினால் தீர்கிற சங்கதி இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் மோசமாகத்தான் போகும்.

ஸ்ட்ரீமிங்கில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். “செயலியிலேயே பார்க்கலாமே, எதற்கு டவுன்லோட்?” என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

50 நிமிடப் பாடத்தைச் சர்வர் சிறு துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை. ஒரு துண்டு 6 நொடி என்றால் 500 துண்டு. உங்கள் செயலியில் ஒரு துண்டு 2 நொடி; ஆக 1,500 துண்டு. ஒவ்வொன்றையும் போன் சர்வரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டவர் பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரியாது. சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில், தரவு வந்து சேரும் நேரத்தைவிடக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் கூடிவிடும். 2 நொடித் துண்டு நேரலைக்கு வைக்கிற அளவு. பேசுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவே தாமதம் குறைய வேண்டிய இடத்தில் அதற்குப் பொருள் உண்டு. போன வருஷம் பதிவு செய்த பாடத்தில் தாமதம் குறைந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

தொடர்பு வகுப்பு இடைவேளையில் மாணவர்கள் போனை நீட்டுவார்கள். திரை நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். “பாஸ் பண்ணி பத்து நிமிஷம் வெச்சுப் பார்த்தேன் சார், கொஞ்சங்கூட ஏறலை” என்பார்கள். அவர்கள் செய்தது ஒரு காலத்தில் சரியான வேலை. வீடியோ ஒரே கோப்பாக வந்த நாட்களில் நிறுத்திவைத்தால் சாம்பல் நிறக் கோடு ஓடி முழுப்பாடமும் ஏறி நிற்கும். துண்டு முறையில் வரும் பிளேயர்கள் பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிட அளவுக்குத்தான் முன்கூட்டி வாங்கி வைக்கும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வாங்காது. அப்படித்தான் அமைத்திருக்கிறீர்கள். மாணவர் நெட்டைத் திட்டுகிறார். நெட்டின் மேல் பாதிப் பழிதான்.

அடுத்தது தரம். செயலியில் இருக்கும் ஆகக் குறைந்த படி 480பி (படத்தின் உயரம் 480 புள்ளி), நொடிக்கு 800 கிலோபிட். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் போட்டிருக்கும் மாணவருக்கு அந்த ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். 800 கேட்கிற வீடியோ 64-இல் ஓடாது. பார்க்கும்படியாக ஓடாது, பெரும்பாலும் வட்டம்தான் சுற்றும்.

கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை கிலோபிட்டோ அதை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரப் பாடத்தின் அளவு எம்பியில் வந்துவிடும். நீங்கள் ஏற்றும் மூலக்கோப்பு 1080பி, நொடிக்கு 3,000 கிலோபிட். 50 நிமிடத்துக்கு 1,125 எம்பி. மாணவரின் ஒரு நாள் டேட்டாவில் முக்கால் பங்கு ஒரே பாடத்துக்குப் போகிறது. அதே பாடத்தை 250 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் 94 எம்பி. ஒலியை மட்டும் 32 கிலோபிட்டில் எடுத்தால் 12 எம்பி.

இந்த மூன்று எண்ணையும் 64 கிலோபிட் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். 12 எம்பி ஒலிக்கோப்பு 25 நிமிடத்தில் இறங்கிவிடும், பாடம் கேட்கிற நேரத்தில் பாதி. 94 எம்பி வீடியோவுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். படுக்கும்போது போட்டுவிட்டால் விடிவதற்குள் போனில் இருக்கும். இப்படிச் சுருக்கி இறக்கிக்கொள்ள விட்டால் டேட்டா தீர்ந்த நிலையிலும் படிக்க வழி உண்டு. அந்த வழியைத்தான் சுற்றறிக்கை அடைத்திருக்கிறது.

நம் மாணவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை, சேர்க்கைப் படிவங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், வால்பாறையில் எஸ்டேட் லயன் வீட்டில் இருக்கிறவர், கொல்லிமலையிலிருந்து வாரம் ஒருமுறை கீழே இறங்கி வருகிறவர். ஊருக்குள் வந்த நாளில், சிக்னல் கிடைத்த இடத்தில், நாலு பாடத்தை இறக்கிக்கொண்டு போய் அந்த வாரம் முழுக்கப் பார்ப்பது அவர்கள் கண்டுபிடித்த முறை. பஸ்ஸில் பார்ப்பார்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

சுருக்கினால் பலகையில் உள்ள எழுத்து தெரியாது என்பது உங்கள் குழுவில் அடிக்கடி வரும் மறுப்பு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

12 அடி அகலப் பலகையை முழுதாகச் சட்டகத்துக்குள் அடைத்து 1080பி-யில் எடுத்தால் 3,660 மில்லிமீட்டர் 1,920 பிக்சலில் விழுகிறது. ஒரு பிக்சலுக்கு 1.9 மி.மீ. சாக்பீஸ் கோட்டின் தடிமன் 3 முதல் 5 மி.மீ. இருக்கும். ஆகத் தெரிகிறது. அதையே 360பி-க்குச் சுருக்கினால் அகலம் 640 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 5.7 மி.மீ. கோடு ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. அடிக்குறியாகப் போட்ட சின்ன எழுத்து வெறும் பொட்டாகி, அடுத்து அழிந்தே போகும். இதைப் பார்த்துவிட்டுத்தான் 1080பி இல்லாமல் ஆகாது என்கிறீர்கள்.

ஆனால் கேமராவைப் பாதிப் பலகைக்கு நெருக்கி, 6 அடியை மட்டும் 480பி-யில் எடுத்துப் பாருங்கள். 1,830 மி.மீ. 854 பிக்சலில் விழுகிறது. ஒரு பிக்சலுக்கு 2.1 மி.மீ. முழுப் பலகையை 1080பி-யில் எடுத்ததற்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. கோப்பு மட்டும் பல மடங்கு சிறியது. ஆசிரியர் இடப்பாதியை எழுதி நிரப்பியதும் கேமராவை வலப்பக்கம் திருப்ப ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாமல் எழுதச் சொல்லலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

கோப்பு ஏன் பெருக்கிறது என்பதற்குப் பதிவறையிலேயே காரணங்கள் கிடக்கின்றன. வீடியோ சுருக்கம் என்பது ஒரு ஃப்ரேமுக்கும் (வீடியோவின் ஒரு தனிப்படம்) அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியது என்று எழுதிவைக்கும் வேலை. எதுவும் மாறாத ஸ்லைடுக்கு எழுத ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் அறையில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. சீலிங் ஃபேனின் நிழல் பலகையில் சுற்றுகிறது. வெளிச்சம் போதாமல் கேமரா தன் உணர்திறனை ஏற்றிக்கொள்வதால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துடிக்கின்றன. சுருக்கும் மென்பொருளுக்கு ஃபேன் நிழலும் ஒன்றுதான், புள்ளியும் ஒன்றுதான், ஆசிரியர் எழுதும் சமன்பாடும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் பிட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும். பலகைக்கு இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு விளக்கு வைத்து, ஃபேனுக்கு நேர்கீழே இல்லாமல் பலகையைத் தள்ளிப் போட்டாலே அதே தரத்துக்குக் குறைந்த பிட் போதும்.

இதில் அதிகம் கவனிக்கப்படாதது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடி பலவும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. பெட்டியிலிருந்து எடுத்த கேமரா பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒன்று என்று வைக்கப்பட்டிருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்பு. இரண்டும் ஒத்துப்போகாததால் திரையில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஊரும். கண் அதைப் பழகிவிடும், மென்பொருள் பழகாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் படம் முழுக்க மாறுவதாகக் கணக்கெடுத்துப் பிட்டை வாரி இறைக்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று மெனுவில் மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. எந்த மையத்துக்கும் இப்படி ஓர் அறிவுறுத்தல் இதுவரை வந்ததில்லை.

25 ஃப்ரேமில் எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்லைடு மட்டும் ஓடும் பாடத்தை ஒன்றுவிட்டு ஒன்று ஃப்ரேமை எடுத்துவிட்டு 12.5-க்கு இறக்கலாம், அசைவு தடுக்காது. 25-இலிருந்து 15-க்கு இறக்கினால் தடுக்கும், கை விட்டு விட்டு நகர்வது தெரியும். ஆய்வகச் செய்முறைக்கு இதைச் செய்யாதீர்கள், அங்கே 25 வேண்டும்.

மாற்றத்தை மட்டும் எழுதாமல் படத்தையே முழுதாக எழுதிவைக்கும் ‘முழு ஃப்ரேம்’களுக்கு நடுவே விடும் இடைவெளியிலும் மிச்சம் பிடிக்கலாம். துண்டு முறைக்காக 2 நொடிக்கு ஒரு முழு ஃப்ரேம் வைக்கிறீர்கள். 480பி ஸ்லைடு ஒன்றின் முழு ஃப்ரேம் 30 கேபி என்று வைத்துக்கொண்டால், மாறாத ஒரே ஸ்லைடைத் திரும்பத் திரும்ப எழுதியே 50 நிமிடத்தில் 45 எம்பி போய்விடும். பதிவிறக்கக் கோப்புக்கு 10 நொடி இடைவெளி போதும், 9 எம்பியில் முடியும். அதனால் ஸ்ட்ரீமிங்குக்குச் சுருக்கியதையே பதிவிறக்கத்துக்கும் வைக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி வேலை.

ஒலியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கேமராவில் இருக்கும் மைக்கைத் தொடாதீர்கள். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள், புடவைத் தலைப்போ துப்பட்டாவோ உரசாத பக்கமாக. மோனோ போதும். படம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு ஃபேன் சத்தத்தில் கரைந்தால் ஐந்தாவது நிமிடத்தில் விட்டுவிடுவார்.

கரண்ட் போவது பற்றி ஒன்று. கணினியில் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளை வைத்துப் பதிவு செய்யும் மையங்கள் நிறைய. நேராகச் சாதாரண எம்பி-ஃபோராகப் பதிந்தால், எந்தப் படம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். 48-ஆவது நிமிடத்தில் கரண்ட் போனால் 48 நிமிடமும் திறக்காத கோப்பாகிவிடும். எம்கேவி வடிவில் பதிந்தால் போன நொடி வரை பிழைக்கும். முடிந்தபின் மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுத்து எம்பி-ஃபோராக மாற்ற ஓரிரு நிமிடம், தரம் குறையாது.

அதே அட்டவணைதான் இணையதளத்திலும் தொல்லை கொடுத்தது. பழைய பதிவிறக்கக் கோப்புகளில் பல, போனின் பிரவுசரில் திறந்தால் நெடுநேரம் கருப்பாகவே நிற்கும். ‘வீடியோ ஓடவில்லை’ என்று புகார்கள் குவிந்ததும் பதிவிறக்க முறையே சரியில்லை என்று உங்கள் தரப்பில் முடிவு கட்டினார்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் அட்டவணை கைக்கு வராமல் பிளேயரால் முதல் படத்தைக்கூடக் காட்ட முடியாது. அது தெரிந்த விஷயம். சுருக்கும்போது ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற ஒரு தேர்வைப் போட்டால் அட்டவணை முன்னுக்கு வந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில் அது ஒரு டிக் பெட்டி. அந்த டிக்கைப் போடாமல் விட்டதற்கு மாணவர்கள் பதிவிறக்கத்தையே இழந்திருக்கிறார்கள்.

இனி சர்வர் சுமைக்கு வருகிறோம். ஒரே மாணவர் ஒரே பாடத்தை எட்டு முறை, பத்து முறை இறக்குவதாகப் பதிவேட்டில் தெரிகிறது என்று சுற்றறிக்கை சொல்கிறது. அந்தப் பதிவேட்டைப் படித்தவர் 200 என்ற குறியீட்டையும் 206 என்ற குறியீட்டையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறார் என்று நினைக்கிறோம். 200 என்றால் கேட்டதை முழுதாகக் கொடுத்தேன் என்றும், 206 என்றால் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தேன் என்றும் பொருள். இறக்கும்போது தொடர்பு அறுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ஒவ்வொரு தொடர்ச்சியும் ஒரு 206 வரியாக விழும். சில டவுன்லோடு செயலிகள் வேகத்துக்காகக் கோப்பை நாலைந்து பகுதியாகப் பிரித்து ஒரே நேரத்தில் வாங்கும். அதுவும் நாலைந்து வரி. எட்டு வரி இருந்தால் எட்டுப் பதிவிறக்கம் ஆகாது. போன பைட்டுகளைக் கூட்டிப் பாருங்கள், ஒரு கோப்பின் அளவுதான் வரும்.

சில இடங்களில் உண்மையிலேயே பல மடங்கு போயிருக்கும். அதற்குக் காரணம் நீங்கள் வைத்த 15 நிமிடக் கெடு. பதிவிறக்க இணைப்பு 15 நிமிடத்தில் காலாவதியாகும்படி அமைத்திருந்தீர்கள். 1,125 எம்பி கோப்பை 15 நிமிடத்தில் இறக்க நொடிக்கு 10 மெகாபிட் வேகம் தொடர்ந்து வேண்டும். நடுவில் ஒருமுறை அறுந்தால், திரும்பத் தொடரும்போது இணைப்பு செத்திருக்கும். மாணவர் புது இணைப்பு எடுப்பார். முகவரி மாறியதால் போன் அதைப் புதுக்கோப்பு என்று எண்ணி முதலிலிருந்து தொடங்கும். 900 எம்பி வந்து அறுந்தவருக்கு அந்த 900-உம் வீண், சர்வருக்கும் வீண். கெடுவை 24 மணி நேரமாக்கி, கோப்பை 94 எம்பியாக்கியிருந்தால் இந்தச் சுமையில் பெரும்பகுதி தோன்றியே இருக்காது.

ஸ்ட்ரீமிங்கில் சுமை குறையும் என்பது தலைகீழான கணக்கு. தேர்வுக்கு முந்திய வாரம் ஒரு பாடத்தை மாணவர் மூன்று முறை பார்க்கிறார் என்றால் இறக்கியவருக்குச் சர்வர் ஒரு முறை கொடுத்தால் போதும். செயலியில் பார்ப்பவருக்கு மூன்று முறை கொடுக்க வேண்டும். அதுவும் எல்லோரும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரே நேரத்தில்.

டெலிகிராமில் பரவுவதைத் தடுக்கச் செயலியில் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்டிருக்கிறீர்கள். அது திரையைப் பதிவு செய்வதைத் தடுக்கும், உண்மை. ஒரு போனுக்கு முன்னால் இன்னொரு போனைப் பிடிப்பதைத் தடுக்காது. இப்போது டெலிகிராமில் வருபவை அப்படி எடுத்தவைதான், ஓரத்தில் கட்டைவிரல் தெரிகிறது. பூட்டால் மாட்டிக்கொண்டது ஒழுங்காகப் பணம் கட்டிப் படிக்கிறவர். செயலிக்குள் இருக்கும் ‘ஆஃப்லைன்’ பொத்தானை அழுத்திச் சேமித்தாலும் 48 மணி நேரத்தில் அனுமதி காலாவதியாகிறது, புதுப்பிக்க மறுபடி நெட் வேண்டும். கோப்பு செயலியின் உள்ளறையில் உட்கார்ந்துகொள்வதால் மெமரி கார்டுக்கு மாற்ற முடியாது. போனில் இடம் நிறைந்து ‘கிளியர் டேட்டா’ கொடுத்தால் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் செயலி நிறுவவே மறுக்கிறது. இது போக, நம் பாடங்களில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாம் பருவப் புள்ளியியல் டெலிகிராமில் பரவினால் நாலு பேர் புள்ளியியல் படிப்பார்கள்.

இந்த நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல், பாடங்களை யூடியூபிலும் வைத்தது, இறக்கிக்கொள்ளவும் விட்டது. விரிவுரைகளின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்தும் வைத்திருக்கிறது. எம்ஐடி தன் ஓப்பன்கோர்ஸ்வேரை நெட் வசதி குறைந்த ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வன்வட்டில் போட்டே அனுப்பியது. ஸ்வயம் பிரபா டிடிஎச் சானல்களில் நாளுக்குக் குறைந்தது 4 மணி நேரப் புதுப்பாடம் போட்டு அதையே இன்னும் ஐந்து முறை மறு ஒளிபரப்புச் செய்யும் ஏற்பாடு, மாணவர் தனக்குத் தோதான நேரத்தில் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். இவர்களில் யாரும் பாடம் பரவிவிடுமே என்று அஞ்சவில்லை.

வருகைக் கணக்கு என்ற மூன்றாவது காரணத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. செயலியை ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவரும் உங்கள் கணக்கில் நூறு சதவீதம் பார்த்தவர்தான். படித்தாரா என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து கேள்வி வையுங்கள். அந்தப் பக்கம் சில கேபிதான், 64 கிலோபிட்டிலும் திறக்கும்.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குச் செயலியில் எழுத்துரை (சப்டைட்டில்) எதுவும் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கம் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது, எழுத்துரையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வீடியோவுக்குள் பொறித்துவிடாமல் தனிக்கோப்பாக, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோட் எழுத்தில், எஸ்ஆர்டி வடிவில் வைத்தால் 50 நிமிடப் பாடத்துக்குச் சில நூறு கேபிக்குள் அடங்கும். தேடவும் உதவும். தானாக எழுத்தாக்கும் கருவி கலைச்சொற்களைக் கண்டபடி பிடிக்கும், ஆசிரியர் ஒருமுறை பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். அதற்கு அவருக்கு ஊதியமும் தர வேண்டும்.

யூனிகோட் என்றதும் ஸ்லைடுகள் நினைவுக்கு வருகின்றன. ஆசிரியர் வீட்டில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டிக்கொண்டு வருவார். பதிவறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. பாமினி என்றால், தலைப்பில் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். அவசரத்தில் அப்படியே பதிந்து, அப்படியே ஏற்றி, இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் பாடங்கள் உண்டு. கோப்புப் பெயர்களிலும் சிக்கல். லினக்ஸ் சர்வரில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம்தான். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ‘கோ’ என்றால் 6. பாடத்தின் முழுத்தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கோப்புக்கு வைத்தால் ஐம்பது எழுத்துக்கு அந்தப் பக்கம் ஏறவே மறுக்கும். தாள் எண், அலகு எண், பாட எண், இரண்டு சொல் தலைப்பு போதும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நீக்கிய பதிவிறக்க இணைப்புகளை, பழைய பருவங்களையும் சேர்த்து, உடனே திரும்பத் திறக்க வேண்டும். இதற்குப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. கோப்புகள் சர்வரில் அப்படியேதான் இருக்கின்றன. இணைப்பின் ஆயுளைக் குறைந்தது 24 மணி நேரமாக்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி முகவரியை மாறாமல் வையுங்கள்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஒவ்வொரு பாடத்தையும் மூன்று வடிவில் தர வேண்டும்: 480பி எம்பி-ஃபோர், எச்.264 சுருக்க முறை, 250 கிலோபிட்டை ஒட்டி. ஒலி மட்டும், மோனோ, 32 கிலோபிட். ஸ்லைடும் எழுத்துரையும் தனியாக. இணைப்பின் பக்கத்திலேயே அளவை எம்பியில் எழுதுங்கள். ரீசார்ஜ் பார்த்து வாழ்கிறவருக்கு அந்த எண் முக்கியம். பலகைப் பாடங்களில் முழுப் பலகையை எடுத்திருந்தால் அவற்றை மட்டும் 720பி-யில் வையுங்கள், மறுபடி பதியும் வரை.

ஸ்ட்ரீமிங்கை எடுக்கச் சொல்லவில்லை, நல்ல நெட் உள்ளவருக்கு அது வசதி. துண்டை 6 நொடியாக்குங்கள். 800-க்குக் கீழே 250 கிலோபிட்டில் ஒரு படியும், ஒலி மட்டும் உள்ள ஒரு படியும் சேருங்கள். வைட்வைன் பூட்டை எடுத்துவிடுங்கள். அதற்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையில் மையங்களுக்குக் காலர் மைக்கும் பலகை விளக்கும் வாங்கலாம்.

மையம் ஒன்றுக்கு ஒரு வன்வட்டு வேண்டும், எல்லாத் தாள்களின் சுருக்கிய பாடங்களோடு. ஒரு தாளுக்கு 20 பாடம் என்றால் 1.9 ஜிபிக்குள் அடங்கும். தொடர்பு வகுப்புக்கு வரும் மாணவர் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ வாங்கிக்கொண்டு போவார். பாடங்களை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்ப வேண்டாம். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் வடிவமைத்த பென் டிரைவில் இடம் இருந்தும் ஏறாது, எங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

பதிவறைக்கான அறிவுறுத்தலை ஒரே தாளில் எழுதி எல்லா மையங்களுக்கும் அனுப்புங்கள்: 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று, பாதிப் பலகை, காலர் மைக், எம்கேவி பதிவு, யூனிகோட் ஸ்லைடு. எழுத ஆள் இல்லையென்றால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

பாடம் கொடுக்கும் முறையை மாற்றும் எந்த முடிவுக்கும் முன்னால் மையங்களிலிருந்து இருவரையும் மாணவர்களிலிருந்து இருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் செயலியை அலுவலக வைஃபையில் ஓட்டிக் காட்டாதீர்கள். டேட்டா தீர்ந்த ஒரு போனை மேசை மேல் வைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
படிப்பு மையங்களின் பாடப்பதிவுப் பணியாளர்களும் தொடர்பு வகுப்பு ஆசிரியர்களும்